தணல் நிற்காத விறகு

புதன்கிழமை ராத்திரி
சீகைக்கட்டை ஏற்றிய லாரியைக் கட்டபெட்டில் நிறுத்திவிட்டார்கள்.
பர்மிட்டில் ஒரு முத்திரை குறைவாம்.
இங்கே கோத்தகிரியில்
பிசைந்த வர்க்கி மாவு தொட்டியில் ஏறிக்கொண்டிருந்தது.
மாவுக்கு முத்திரை ஏது.

போன வைகாசிக் காற்றில்
ஆலன் தோட்டத்தில் ஒரு சில்வர் ஓக் சாய்ந்தது.
துண்டு போட்டு அடுக்கியிருந்தார்.
"காய்ஞ்ச கட்டை, பாதி விலை" என்றார் போனில்.
பாதி விலைக்குக் காரணம் இருக்கும் என்று
எனக்குத் தெரியாதா என்ன.
ஒரு ராத்திரிதானே.

பிக்கப் வண்டி வந்து கொட்டியது.
தூக்கிப் பார்த்த மங்ரா சிரித்தான்:
"அக்கா, இது விறகா, பஞ்சு மூட்டையா?"
ஜார்க்கண்டில் அவன் வீட்டில் சால் மரம் எரிப்பார்களாம்,
சாயங்காலம் வைத்த கட்டை
விடியும்போதும் சிவந்திருக்குமாம்.

கோடரி விழுந்ததும் பார்த்தேன்.
உள்ளே இளஞ்சிவப்பு, குறுக்கே செதில் செதிலாய் ஒரு மினுக்கம்,
அப்போதுதான் அறுத்த மீனைப் போல.
இதையா அடுப்பில் வைப்பது என்று
ஒரு நிமிடம் தோன்றியது. ஒரு நிமிடம்தான்.
மாவு விளிம்பைத் தொட்டிருந்தது.

ஒரு தாள் பேப்பர் போதும் அதற்கு.
குப்பென்று பிடித்து
போரணையின் வளைவு முழுக்க நக்கியது தீ.
கண்டியிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது,
பேக்கரி அடுப்பை இன்னும் போரணை என்றுதான் சொல்வோம்.
வாசலில் நின்ற ஆட்டோக்காரர்கூட
உள்ளே வந்து கை காய்ச்சிக்கொண்டார்.
சீகை இப்படி ஆடாது,
முணுமுணுத்துக்கொண்டே வேலையைப் பார்க்கும்.

பன்னிரண்டரைக்குப் பிச்சமுத்து
போரணை வாய்க்குள் கையை நீட்டி எண்ணத் தொடங்கினார்.
சீகை என்றால் ஆறு எண்ணுவதற்குள் இழுத்துவிடுவார்.
பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது...
கையை எடுக்காமலே என்னைத் திரும்பிப் பார்த்தார்.
"தீ இருக்கும்மா. சூடு இல்ல."
கிளறினால் தணல் இல்லை.
வெள்ளைச் சாம்பல், கம்பி பட்டதும் எழும்பிப் பறந்தது.

முதல் ஈடு வெளுத்து வந்தது, அடியில் ஈரம்.
இரண்டாவதும்.
மூன்று மணிக்கு விறகே தீர்ந்தது.

மைதா மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பலகை இருந்தது.
பலா. ஆறடி, மூன்று விரல் கனம், ஐந்து ஆணி.
'புளோரா ரெஜினா பேக்கரி.'
ரெஜினா தன் பங்கை வாங்கிக்கொண்டு
திருப்பூர் போனதிலிருந்து
முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்து நின்றுகொண்டிருந்தது.

"பெயின்ட் வாசம் வர்க்கியில ஏறும், சுரண்டிக் குடுங்க."
மாவு வெட்டும் தகட்டால் சுரண்டினேன்.
என் பெயர் வெயில் பட்ட பக்கம், பொடியாக உதிர்ந்தது.
தங்கச்சி பெயர் விடவில்லை.
சுரண்டச் சுரண்ட அடியில் இன்னொரு பூச்சு.
மூன்று தரம் எழுதியிருக்கிறோம்,
மழை முடியும்தோறும்,
அவள் ஏணியில், நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு.

பலகை உடனே பற்றவில்லை.
புகைந்தது. பிச்சமுத்து திட்டினார்.
பிறகு ஓரமாகச் சிவந்து
அப்படியே நின்றது, ஆடாமல்,
செங்கல்லில் ஏற்கெனவே இருந்த வெதுவெதுப்போடு சேர்ந்து.
ஐந்து மணிக்கு ஒன்பதில் கையை இழுத்தார்.
கடைசி ஈடு மட்டும் வர்க்கி நிறத்தில் வந்தது.

ஏழரைக்கு முத்திரையோடு லாரி வந்தது.
வெளுத்ததை நானும் பாதி விலைக்குப் போட்டேன்.
டீயில் முக்கினால் எல்லாம் ஒரே நிறம் என்று
பள்ளிக்கூடப் பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போனார்கள்.
ஆலனிடம் இன்னும் கால் டன் சொல்லியிருக்கிறேன்.
பற்றவைக்க ஆகும்.

சாம்பல் அள்ளிய மங்ரா
கணக்கு நோட்டின் மேல்
ஆணிகளை வைத்துவிட்டுப் போனான்.
எண்ணினேன். நான்கு.
எழுந்துபோய்ப் போரணைக்குள்
டார்ச் அடித்துப் பார்த்தேன்.